பேகனின் போர்வையும் தோட்டத்துச் சாக்கும்

கடையெழு வள்ளல்களின் வரலாற்றை நடத்தாத தமிழாசிரியர் இலர். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான், பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்று கரும்பலகையில் எழுதி, எழுவர் பெயரையும் மாணவரை மனப்பாடம் செய்வித்து, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். நானும் அவ்வாறே செய்துவந்தவன். கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில், ஆண்டிறுதி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"ஐயா, மழை நாள்ல எங்க அப்பா மாட்டுக்குச் சாக்குப் போத்துவாரு. அவரும் வள்ளலா ஐயா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மாடு உழைத்துக் கொடுக்கிறது, ஆகவே உன் தந்தை அதைப் பேணுகிறார். பேகனோ பயன் கருதாது கொடுத்தான், அதுவே வேறுபாடு என்று விடை கூறி அவனை அமர்த்தினேன். தேர்வுத்தாளில் அவ்விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும், அவன் கேட்ட கேள்விக்கு அது விடையன்று என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. விலங்கின் மேல் மனிதன் போர்த்திய துணிக்கு ஒரு வரலாறு உண்டு; அவ்வரலாற்றில் அச்சிறுவனின் தந்தைக்கு ஓர் இடம் உண்டு. காலங்கடந்தேனும் அந்த இடத்தைத் தேடிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேகனிடமிருந்தே தொடங்குவோம். புறநானூற்று 141ஆம் பாட்டில் பரணர் கூறுவதைக் கூர்ந்து நோக்கவேண்டும். மயில் அத்துணியை உடுத்தப் போவதில்லை, மேலே போர்த்திக்கொள்ளப் போவதுமில்லை. அதனை அறிந்தே பேகன் கொடுத்தான் என்பது புலவர் கூற்று. கொடையைப் புகழும் அதே இடத்தில், கொடுத்த பொருள் பெற்றுக்கொண்ட உயிருக்குப் பயன்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மயிலுக்குக் குளிர்காப்பு அதன் இறகே. இறகைச் சிலிர்த்து, இடையிலே காற்றைத் தேக்கி, உடலின் வெப்பம் வெளியேறாமல் அது தன்னைக் காத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு கனத்த துணியைப் போட்டால் சிலிர்த்த இறகு படிந்துவிடும். தேங்கிய காற்று போய்விடும். பேகன் உள்ளம் பெரிது. ஆனால் மயிலின் உடம்பை அறிந்தவர் எவரும் அவனருகில் அன்று இருந்திலர் போலும்!

இனி, குதிரைக்கு வருவோம். குளிர்காலத்தில் திறந்தவெளியில் நிற்கும் குதிரையைத் தமிழிலக்கியத்திலே காண விரும்புவோர் நெடுநல்வாடைக்குச் செல்லவேண்டும். நக்கீரர் பாடிய 188 அடிகளைக் கொண்ட அப்பாட்டு, வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்தில் தொடங்குகிறது. வெள்ளத்தினால் தம் புலத்தை விட்டு வேற்றுப்புலத்திற்கு ஆநிரையை ஓட்டிச் சென்ற கோவலர், இடம் பெயர்ந்த துயரோடு, நெருப்பில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மரத்திலிருந்து பறவைகள் கீழே விழுகின்றன. பால்குடிக்க வரும் கன்றையும் பசு உதைத்துத் தள்ளுகிறது. பாட்டின் இறுதியிலே பாசறை வருகிறது. நள்ளிரவில், தூறலில், புண்பட்ட வீரரைக் காண அரசன் நடந்து செல்கிறான். நழுவி வீழும் மெல்லிய மேலாடையை இடப்புறமாக அணைத்துக்கொள்கிறான். சேற்றுத் தெருவில் கட்டுகள் அவிழ்க்கப்படாத குதிரைகள் தம்மேல் விழுந்த மழைத்துளிகளை உடல் சிலிர்த்து உதறுகின்றன.

அரசனுக்கு மேலாடையும் மேலே குடையும் இருந்தன. குதிரைக்கு இருந்தது போர்க்கோலம் ஒன்றே. பகைவன் எந்நேரத்தில் வருவான் என்பது தெரியாத பாசறையில் சேணத்தை அவிழ்க்க இயலாது. அதனை நக்கீரர் குறையாகச் சொல்லவில்லை, நிறைவாகவும் சொல்லவில்லை. குதிரை உதறியது என்று மட்டும் காட்டிவிட்டு அப்பால் செல்கிறார். விலங்கின் உடல்நடுக்கத்தை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நமக்குக் காத்துத் தந்திருப்பது அந்த ஓர் அசைவே.

தமிழகத்துக்குக் குதிரை வந்தேறி விலங்கு. கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஒவ்வோர் ஆண்டும் அரசன் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆனால் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். இலாடம் கட்டவும் நோய் நீக்கவும் அறிந்தவர் அந்நாட்டில் இலர். அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொள்கின்றனர் என்பதும் அவர் குற்றச்சாட்டு. குதிரைகள் சாகச்சாகத்தானே வாணிகம் வளரும்! பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் இதனையே வேறு சொற்களால் கூறுகிறார். ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்திறங்கியதாகவும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் அவர் கணக்குக் காட்டுகிறார். வறுத்த வாற்கோதுமையையும் நெய்யிட்ட தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிவைத்து, பின்னர் பயிற்சியின்றி ஏறி ஓட்டினர் என்கிறார்.

அயலார் இருவரும் சிறிது மிகைப்படுத்தியிருக்கலாம். வாணிகர் வாய்க்கேள்வியும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் ஒன்று விளங்குகிறது. அக்குதிரைகளுக்குக் குறையாக இருந்தது செல்வமன்று. நெய்யும் பாலும் ஊட்டியவர்களைக் கருமிகள் என்று எவரும் சொல்லார். குதிரையின் அணிகளுக்குத் தமிழில் சொல்வளம் மிகுதி: சேணம், கலினம், தலையாட்டம், சதங்கை, பருமம் என அடுக்கலாம். ஆனால் வேலை முடித்து வியர்த்து நிற்கும் குதிரையின் முதுகில் போடும் வெறும் துணிக்கு அத்தகைய தனிப்பெயர் ஒன்று நாவிற்கு வரவில்லை. பேகன் மயிலுக்குச் செய்ததையே பாண்டியர் குதிரைக்குச் செய்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. பெருமை அறிந்து கொடுத்தனர், உடம்பறிந்து கொடுக்கவில்லை.

உடம்பறிதல் என்பது யாது? உண்மையான பனிக்காலம் உள்ள நாடுகளில் குதிரை வளர்ப்போர் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே குதிரைக்கு அடர்ந்த குளிர்கால மயிர் முளைக்கத் தொடங்குகிறது. குளிரும்போது மயிர் நிமிர்ந்து நின்று காற்றைத் தேக்குகிறது. தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. உண்ட வைக்கோலும் புல்லும் பெருங்குடலில் புளிக்கும்போது பிறக்கும் வெப்பம், உள்ளே மூட்டிய கணப்புப் போல் உடலைக் காக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் பழகிய குதிரை ஏறத்தாழ 5 பாகை வரையில் எவ்விதத் துன்பமுமின்றி நிற்கும். கடுங்குளிரில் பழகி, நன்கு மயிரடர்ந்து, வயிறார உண்ட குதிரை, உறைநிலைக்குக் கீழே 15 பாகையையும் தாங்கும். ஆகவே போர்வை எல்லாக் குதிரைக்கும் வேண்டுவதன்று. மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரைக்கும், கிழக்குதிரைக்கும், மெலிந்ததற்கும், ஒதுங்க இடமின்றி மழையிலும் காற்றிலும் நிற்பதற்குமே அது வேண்டும்.

குளிரைக் காட்டிலும் ஈரமே கொடிது. வறண்ட பனியில் நிமிர்ந்து நிற்கும் மயிர், நீரில் தோய்ந்தால் தோலோடு ஒட்டிவிடும். அதன்மேல் காற்று வீசினால், நீர் ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் உடன்கொண்டு போகும். இந்நிலையில் நனைந்த போர்வையைப் போட்டு வைப்பது போர்வையே இல்லாமலிருப்பதினும் கேடு. இதனால்தான் மேலைநாட்டுக் குதிரைக்காரர் போர்வைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்ப்பர். உலர்ந்து இளஞ்சூடாக இருந்தால் போர்வை தக்கது. வியர்வை பிசுபிசுத்தால் மிகை. ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தால் உடனே மாற்றவேண்டும். நனைந்துவந்த குதிரையின் முதுகில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாக்குத்துணியைப் போட்டுக் கட்டும் முறையும் அங்கே இருந்தது. வைக்கோலிடையே காற்று ஓடி ஈரத்தை வாங்கிவிடும், குதிரையும் குளிராது.

சாக்குத்துணி என்றா சொன்னேன்? ஆம். இங்கிலாந்தின் குதிரைக் கொட்டில்களில் இரவுப் போர்வையாக நெடுங்காலம் பயன்பட்டது, உள்ளே கம்பளம் வைத்துத் தைத்த சணல்துணியே. வெளியில் நிற்கும் குதிரைக்குக் கித்தான் துணியில் தைத்த 'நியூசிலாந்துப் போர்வை' பின்னர் வழக்கத்திற்கு வந்தது. அந்தச் சணலின் தாயகம் வங்காளம். அங்கே நீரில் ஊறவைத்து உரித்த நார், கப்பலேறி ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளுக்குச் சென்று துணியாயிற்று. 1855இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் முதல் சணலாலை தொடங்கப்பட்டபின், ஊக்ளி ஆற்றின் இருகரையிலும் ஆலைகள் பெருகி, உலகத்தின் தானியமெல்லாம் வங்கச் சாக்கிலே பயணம் செய்தது. இரங்கூன் அரிசியும் அச்சாக்கில்தான் மலாயாவுக்கு வந்தது. ஒரே நாரில் பிறந்த துணி, ஒருபால் ஆங்கிலக் குதிரையின் முதுகுக்குப் போயிற்று. மறுபால் அரிசியைச் சுமந்துகொண்டு கோல சிலாங்கூர்த் தோட்டத்துக்கு வந்து, அரிசி தீர்ந்தபின் வெறுஞ்சாக்காய் மூலையில் கிடந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். பனிக்காலமே இல்லாத சிலாங்கூரில் போர்வைக்கு என்ன வேலை? கோல சிலாங்கூர்க் கடலோரத்தில் இரவிலும் வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குதிரைக்குக் குளிர்காலப் போர்வை என்று பேச வேண்டுமானால் உதகமண்டலத்துக்குத்தான் போகவேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில், மார்கழி தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் அவ்வூரில், சுற்றுலாப் பயணியரைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் இரவில் தெருவோரங்களிலே நிற்பதை இன்றும் காணலாம். இலங்கையில் 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ள நுவரெலியாவிலும் பனி உண்டு. நம் நாட்டுத் தாழ்நிலத்தில் அஃதில்லை. ஆனால் முன்னர்ச் சொன்னதை நினைவுகூர வேண்டும்: கொடியது ஈரம். பகலெல்லாம் பாரமிழுத்து வியர்த்த மாடு, பொழுது சாயும் நேரத்தில் பெருமழையில் தோய்ந்து, திறந்த கொட்டகையில் காற்றில் நிற்குமானால், 23 பாகையிலும் அது நடுங்கும். வெயிலுக்கென்றே அமைந்தது நம் திமில் மாட்டின் உடம்பு: மெல்லிய தோல், குட்டை மயிர், தொங்கும் தாடை. வெயிலில் வெப்பத்தை வெளியேற்ற உதவும் அவ்வமைப்பே, மழையிரவில் அதற்குப் பகையாகிறது. நக்கீரரின் கோவலரும் உறைபனியைக் கண்டவரல்லர் என்பதை நினைவிற்கொள்க.

தோட்டங்களில் குதிரையும் இருந்ததுண்டு. காப்பி பயிரிட்ட காலத்திலும் ரப்பர் தொடங்கிய காலத்திலும் துரைமார் மட்டக்குதிரையேறித் தோட்டம் சுற்றினர். சம்பளத்தோடு குதிரைப்படியும் அவர்க்கு உண்டு. கோலாலம்பூரில் குதிரைவண்டிகள் ஓடின. 1896இல் சிலாங்கூர்க் குதிரைப் பந்தயச் சங்கம் தோன்றியது. ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. அக்குதிரைகளைத் தேய்த்துக் கழுவி, கொள் ஊறவைத்துக் கொடுத்து, போர்வை கட்டி அவிழ்த்தவர் யார்? சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் 'குதிரைக்காரன்' என்ற தமிழனே அத்தொழிலைச் செய்தான். குதிரைக்குப் புல்லறுத்து வருபவள் பல இடங்களில் அவன் மனைவியாக இருந்தாள். குதிரையின் பெயரையும் பந்தயத்தில் அது பெற்ற பரிசையும் ஏடுகள் குறித்துவைத்தன. அதன் முதுகை ஒவ்வோர் இரவும் தொட்டுப் பார்த்த கை யாருடையது என்பதை எழுதிவைக்க எவரும் எண்ணவில்லை.

மலாயாவில் குதிரைக்கு எமனாய் வந்தது குளிரன்று, 'சுர்ரா' என்னும் நோய். குருதியில் வாழும் நுண்ணுயிரால் வருவது. கடிக்கும் பெரிய ஈக்கள் அதனை விலங்குக்கு விலங்கு பரப்பும். 1880இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் அந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். மாட்டையும் எருமையையும் அது அவ்வளவாக வருத்துவதில்லை. ஆனால் அவற்றின் குருதியில் தங்கியிருந்து குதிரைக்குத் தாவும். தாவினால் மருந்தற்ற அந்நாளில் குதிரை பிழைப்பது அரிது. மாடுகள் நிறைந்த தோட்டத்தில் குதிரை நிலைக்காமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் மோட்டார் வண்டி வந்தது, குதிரை போயிற்று. குதிரைக்காரனைக் குறித்த 'சைஸ்' என்னும் சொல் மட்டும் போகாமல், மலாயாவில் மோட்டார் ஓட்டுநர்க்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. வாகனத்தில் இருப்பவன் உயர்ந்தவன் என்னும் எண்ணமும் குதிரையோடு போய்விடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதாகும்.

குதிரை இல்லாத தோட்டத்தில் மாடே பாரம் சுமந்தது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரர் ஹென்றி பொகோனியே, இந்நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்கில் எண்ணெய்ப்பனை பயிரிடத் தொடங்கினார். (தோட்டத்தின் பெயரே தமிழாயிருப்பதைக் காண்க.) பனைக்குலைகளை வயலிலிருந்து வெளியே கொண்டுவர எருதும் எருமையும் இழுத்த வண்டிகள் பயன்பட்டன. ரப்பர்த் தோட்டங்களில் பால் வண்டியும் விறகு வண்டியும் மாட்டு வண்டியே. இவையன்றி, தொழிலாளர் தமக்கென்று வளர்த்த கறவை மாடுகள் இருந்தன. தமிழர் கொண்டுவந்து பெருக்கிய அவ்வினத்துக்கு, 'உள்ளூர் இந்தியக் கறவை' என்று கால்நடைத் துறையார் பெயரிட்டனர். கூலி குறைந்த நாளிலும் வேலை இல்லாத நாளிலும் அடுப்பில் உலை வைத்தது அப்பாலே.

இந்த மாடுகளின் முதுகில்தான் சாக்கு ஏறியது. நான் கண்ட முறை இது. இரண்டு அரிசிச் சாக்குகளை ஓரம் பிரித்து, கோணியூசியால் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பர். திமிலுக்கு இடம்விட்டு முன்பக்கத்தைச் சிறிது வெட்டுவர். அவ்வாறு செய்யாவிடில் திமிலின் ஓரம் உராய்ந்து புண்ணாகும். மார்புக்குக் குறுக்கே ஒரு கயிறு, வயிற்றடியில் ஒரு கயிறு. வயிற்றுக் கயிற்றை இறுக்குவதில்லை. மாடு படுத்தெழும்போது அறுத்துவிடும் என்பர். மழையில் வந்த மாட்டின்மேல் உடனே சாக்கைப் போடமாட்டார்கள். முதலில் உலர்ந்த லாலாங் புல்லைக் கை கொள்ளுமளவு முறுக்கி, கழுத்திலிருந்து வால்வரை தேய்த்து நீரை வழிப்பர். தேய்க்கும்போதே தோலில் சூடு பிறக்கும். கொட்டகை மூலையில் புகைமூட்டம் இருக்கும். ஈயும் கொசுவும் அண்டாது, காற்றும் சிறிது காயும். அதன்பிறகே சாக்கு. வண்டி மாட்டுக்கு முதலில், கன்று ஈன்ற பசுவுக்கு அடுத்து, மற்றவற்றுக்குச் சாக்கு இருந்தால் உண்டு. இங்கிலாந்தின் கொட்டிலில் செய்ததும் இதுவே என்று பின்னாளில் படித்தபோது நான் வியந்தேன். வைக்கோலுக்கு லாலாங், கம்பளம் வைத்த சணற்போர்வைக்கு வெறுஞ்சாக்கு, வேறுபாடு அவ்வளவே. எழுதப் படிக்கத் தெரியாத கைகள் அவ்வறிவை எந்த நூலிலும் பெறவில்லை.

அதே சாக்குக்கு வேறொரு பயனும் இருந்தது. ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகினால் தலைக்கும் முதுகுக்கும் கொங்காணி ஆகும். பெரட்டுக்குப் போகும் ஆணும் பெண்ணும், புல் வெட்டும் பெண்களும், பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் அக்கொங்காணியில்தான் மழையைக் கடந்தனர். நனைந்த சணல் ஏராளமான நீரைக் குடித்துக் கனத்துப்போகும். அரைமணி மழைக்குப் பின் அது காப்பதைவிடக் குளிர்விப்பதே மிகுதி. இலங்கையின் மலைத்தோட்டத் தமிழர்க்குக் கம்பளி கிடைத்தது. தலையில் மடித்துப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்களின் தோற்றத்தைப் பழைய படங்களில் காணலாம். இலவசமாகவன்று, கம்பளியின் விலை அவர்கள் பெயரில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. ஆட்டுமயிர்க் கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும் தன்மையது. தாழ்நிலமான சிலாங்கூரில் கம்பளி வேண்டுமென்று எவரும் கருதவில்லை. இங்கே குளிர் இல்லை என்பதுதானே கணக்கு! ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடுத்தது என்று பெரிய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஆண்டு சொல்லி மாணவரைத் தேர்வுக்கு அனுப்புகிறோம். அரிசிச் சாக்கு எப்போது அரிசிச் சாக்காக இருப்பதை விட்டுப் போர்வையாயிற்று என்று கேட்டால் நம்மிடம் ஆண்டில்லை.

மாடும் பின்னர்த் தோட்டத்தை விட்டுப் போயிற்று. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்ட காலத்தில், இளங்கன்றின் குருத்தை மாடு கடிக்கிறது என்று பல நிருவாகங்கள் மாடு வளர்ப்பதைத் தடுத்தன. குருத்தை மாடு கடிப்பது உண்மையே, அதனை மறுப்பதற்கில்லை. முற்றிய பனையின் அடியில் மாடு மேய்ந்தால் களைச்செலவு குறையும் என்று கண்டு, அதே தோட்டத் தொழில் பின்னொரு காலத்தில் மாட்டை வரவேற்றது என்பதும் உண்மையே. அதற்குள் கொட்டகைகள் இடிந்தன. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குவீடுகளுக்குச் சென்றன. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரும் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது.

அவ்வூர் உணவுக்கடை ஒன்றில்தான், பேகனைப்பற்றி என்னைக் கேட்ட அந்தப் பழைய மாணவரை மீண்டும் சந்தித்தேன். பனைக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்; பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். அமரச் சொல்லி, அன்று அவர் கேட்ட கேள்வியை நினைவுபடுத்தினேன். அவருக்கு அது நினைவில் இல்லை. சாக்கு நினைவிருந்தது.

"போட்ட சாக்கை எப்போது எடுக்கவேண்டும் என்று உங்கள் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உள்ள கையை விட்டுப் பாப்பாரு ஐயா. ராத்திரியில ரெண்டு தடவ எந்திரிச்சுப் போவாரு. வெதுவெதுன்னு காஞ்சிருந்தா விட்டுருவாரு. கை ஈரமா வந்துச்சுன்னா எடுத்துட்டு வேற போடுவாரு."

"எடுத்த சாக்கை?"

"அம்மா அடுப்பு மேல கொடியில போடுவாங்க. விடியறதுக்குள்ள பாதி காஞ்சிருக்கும். அதத்தான் கொங்காணி மடிச்சுப் போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போவாங்க. அம்மா கிட்ட வந்தாலே மாட்டு வாசந்தான் ஐயா அடிக்கும்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே அவருடைய லாரியின் மேல் குலைகளை மூடக் கட்டியிருந்த நீலப் படுதாவில் மழை விழத் தொடங்கியிருந்தது. ஓரம் அவிழ்ந்திருக்கிறது, கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து போனார்.